உமிச் சாம்பலுக்குக் கிடைத்த விருது

விருது என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. யாராவது தங்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கோப்பை கொடுத்தார்கள் என்று படம் அனுப்பினால்கூட, கைதட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. அது கிடைத்த விதத்தைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஆரணிக்காரி. செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ரசாயனக் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்தான் ஆராய்ச்சிப் பிரிவு. தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, இரண்டு உலை, ஒரு ரியாக்டர், நாங்கள் ஏழெட்டுப் பேர், அவ்வளவுதான். எண்ணெயைக் கெட்டிக் கொழுப்பாக மாற்றி சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் அனுப்புகிறவர்களுக்கு வினையூக்கி செய்து கொடுப்பது எங்கள் வேலை. பாடப் புத்தகத்தில் அது வினையூக்கி, கம்பெனியில் கேட்டலிஸ்ட், என் வீட்டுக்காரருக்கு 'அந்தக் கறுப்பு மாவு'.

அவருக்கு ஒரு தடவை கல்யாணத் தரகரை வைத்து விளக்கினேன். தரகர் இரண்டு வீட்டையும் சேர்த்து வைப்பார், தாலி ஏறியதும் எந்த வீட்டிலும் ஒட்டாமல் அடுத்த ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் மாவும் அப்படித்தான், எண்ணெயையும் ஹைட்ரஜனையும் சேர்த்து வைத்துவிட்டுத் தான் அப்படியே வெளியே வந்துவிடும். வடிகட்டி எடுத்துத் திரும்பத் திரும்பப் போடலாம். எத்தனை தடவை தாங்குகிறதோ அவ்வளவு பேர் அதற்கு. அவர் சிரித்துவிட்டு, தரகருக்காவது கல்யாணச் சாப்பாடு உண்டு, உன் மாவுக்கு என்ன உண்டு என்று கேட்டார்.

அந்த மாவுக்குள் நிக்கல் இருக்கிறது. நிக்கல் தனியாக நிற்காது, எதன் மேலாவது ஏற்ற வேண்டும். எல்லோரும் வெளியூரிலிருந்து வாங்கும் ஒரு மண்ணின் மேல் ஏற்றினார்கள். களம்பூர் ரைஸ் மில்களின் பின்னால் உமியை எரித்த சாம்பல் குன்றாகக் குவிந்து கிடப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். அந்தச் சாம்பலில் சிலிக்கா இருப்பது கெமிஸ்ட்ரி படித்த எல்லோருக்கும் தெரியும். அதைச் சுத்தம் செய்து, நிக்கல் பிடிக்கிற பதத்துக்குக் கொண்டுவருவதுதான் பேஜார். ஒரு மில் சாம்பல் மாதிரி இன்னொரு மில் சாம்பல் இருக்காது. மூட்டை கட்டிக்கொண்டு லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து வருவேன். சாம்பல் வாங்குவதற்கா எம்.எஸ்ஸி. படித்தாய் என்று மில்காரர்கள் கேலி செய்வார்கள். தலைமுடி, காது, பல்லிடுக்கு எல்லாம் சாம்பல். வருஷக்கணக்கில் அடித்த அந்தக் கூத்துக்குப் பிறகு மாவு வந்தது. பழைய மாவு கண்ணைச் சொருகும் இடத்திலும் எங்கள் மாவு சளைக்காமல் வேலை செய்தது.

அந்தச் சந்தோஷத்தில் நாங்கள் இருக்கும்போதுதான் முதலாளி கூப்பிட்டார். வயதானவர், நல்ல மனிதர், கத்தத் தெரியாதவர். கொட்டகையை இனிமேல் நடத்த முடியாது, கூட்டாளிகள் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பிறகு மேசை மேலிருந்த ஒரு தாளைத் தள்ளினார். தொழில்துறை வினையூக்கத்தில் புதுமை செய்தவர்களுக்கு ஒரு விருதாம், வடக்கே கொடுக்கிறார்களாம். அது நமக்கு வந்தால் கூட்டாளிகள் வாயை அடைத்துவிடலாம், கொட்டகை இருக்கும், வராவிட்டால் பொங்கலோடு பூட்டிவிடுவோம் என்று சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. காரணம் அவருக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் வரைந்து, தறிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுப்பார். ஆரணியில் பாதி முந்தானைகளில் அவர் மாங்காய் இருக்கும் என்று பீற்றிக்கொள்வேன். ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. ஸ்ட்ரோக். வலது கையும் வலது காலும் போயின. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. கை வரவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதற்கு யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். காலையில் குளிப்பாட்டி, சட்டை போட்டுவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பேன். மத்தியானம் முள்ளிப்பட்டிலிருந்து என் நாத்தனார் தறியை நிறுத்திவிட்டு டவுன் பஸ்ஸில் வந்து சோறு ஊட்டிவிட்டுப் போவாள். சாயங்காலம் நான் வந்துவிடுவேன்.

இந்த ஏற்பாடு என் வேலை செய்யாரில் இருக்கும்வரைக்கும்தான். என்னோடு கொட்டகையில் வேலை செய்பவர்கள் எல்லாம் சின்ன வயசு, சென்னைக்கோ பெங்களூருக்கோ போவார்கள். நான் எங்கே போவேன்? செய்யாரில் வேறு கம்பெனி இல்லையா என்று கேட்பீர்கள். ஷூ கம்பெனி இருக்கிறது, காருக்குச் சாமான் செய்கிற கம்பெனி இருக்கிறது. நாற்பத்தேழு வயசில் என்னை யார் லைனில் நிற்க எடுப்பான்? எடுக்க மாட்டார்கள், கேட்டே பார்த்துவிட்டேன். அந்த வேலை போனால் நான் ஆரணியில் இருக்க முடியாது. நான் ஆரணியில் இல்லாவிட்டால் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட ஆள் இல்லை. அதனால் அந்த விருது எனக்கு வேண்டும். பெருமைக்கு வேண்டாம், மேடைக்கு வேண்டாம், எனக்குச் செய்யாரில் வேலை வேண்டும். சாமி கும்பிடாதவள் நான், அந்த மாதங்களில் ஆரணியில் ஒரு கோயில் விடவில்லை.

விண்ணப்பம் போனது. கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டோம் என்று தகவல் வந்தது. இனி பேச்சு எடுபடாது, மாவையே சோதித்துப் பார்ப்பார்கள். அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் அதை எண்ணெயில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, எத்தனை சுற்றுத் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். விருதுக் குழுவின் ஆள் ஒருவர் சென்னைக்கு வந்து, தெற்கே உள்ளவர்களின் பாட்டில்களை வாங்கிக்கொண்டு விமானத்தில் திரும்புகிறார். எங்கள் கெட்ட நேரம், அவர் வந்த நாள் ஆயுத பூஜை. வடக்கே அது அவர்களுக்கு வேலை நாள்தானே. சாயங்காலத்துக்குள் அவர் கையில் பாட்டில் சேர வேண்டும்.

கம்பெனியில் முதல் நாளே பூஜை. மெயின்டனன்ஸ் ஃபோர்மேன்தான் எங்களுக்குப் பூசாரி. ரியாக்டருக்கும் உலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஒவ்வொரு பிரிவின் சாவியையும் அம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் வைத்து, ஹாலைச் சாத்திவிடுவார். விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து மறுபூஜை செய்து தட்டை நகர்த்தினால்தான் சாவியைத் தொடலாம். அதுவரை ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்க விடமாட்டார். நான் பாட்டிலை மட்டும் முன்கூட்டியே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ஆரணிக்கு வந்துவிட்டேன். வீட்டுப் பூஜையை முடித்துக்கொண்டு மத்தியானம் சென்னை பஸ் ஏறுவதாகத் திட்டம். பாட்டிலை பீரோ மேல் வைத்து, இதைத் தொடக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் காலையில் பூவும் பொரியும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் வீட்டில் யாருக்கு என்ன தொழிலோ அந்தச் சாமான் பூஜையில் இருந்தாக வேண்டும். தறிக்காரர்கள் ஊடை நூலை ஓட்டும் நாடாவை வைப்பார்கள், அவர் தன் மவுஸையும் கீபோர்டையும் வைப்பார். எனக்குத்தான் வைக்க எதுவும் இருக்காது. கால்குலேட்டரை வைப்பேன். இன்னாமே, காய்கறிக் கடை வச்சிகினு இருக்கறவ மாதிரி கால்குலேட்டர வெக்கிறே என்று வருஷா வருஷம் கேலி செய்வார். அந்த வருஷம் அவர் கண்ணில் பாட்டில் பட்டுவிட்டது. இவள் தொழில் இதுதானே, இன்றைக்கு அம்மன் பார்வை இதன்மேல் பட வேண்டாமா என்று தோன்றியிருக்கிறது. பீரோ மேலிருந்து ஒற்றைக் கையால் எட்டி எடுத்திருக்கிறார். பூஜையில் எந்தப் பெட்டியையும் மூடி வைக்க மாட்டார்கள், டூல் பாக்ஸைக்கூடத் திறந்துதான் வைப்பார்கள். அதனால் பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒட்டியிருந்த சீலைப் பிய்த்து, மூடியைத் திருகித் திறந்திருக்கிறார்.

நான் திரும்பி வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். இலையில் பொரியும் கடலையும் விபூதியும் குங்குமமும் கறுப்பாகக் கிடந்தன. இடது உள்ளங்கையால் வழித்து வழித்துப் பாட்டிலுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. இன்னும் வேகமாக வழித்தார்.

"முக்காவாசி உள்ள வந்துடுச்சி," என்றார். "இரு, இன்னும் கொஞ்சந்தான்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதப் போவதில்லை, தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன். நிக்கல் மாவு, தோலில் பட்டாலே ஆகாது, மூச்சில் போனால் அதைவிட ஆகாது. நாங்கள் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு தொடுகிற மாவு அவர் நகக்கண்ணில், முழங்கையில், மூக்கோரத்தில் இருந்தது. குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். வலிக்கும்படிதான் தேய்த்தேன். அவர் கையைப் பின்னால் இழுக்கவே இல்லை. விபூதிதானே பட்டுச்சி, சாமி சாமானுதானே, அது கெட்டுப்புடுமா என்று குழந்தை மாதிரி கேட்டார். கெட்டுவிடும். குங்குமத்தில் போடும் சாயத்தில் கந்தகம் இருக்கும், இன்னும் என்னென்னவோ இருக்கும். கொஞ்சம் கந்தகம் போதும், நிக்கலுக்கு அது விஷம். முதல் சுற்றில் ஒன்றும் தெரியாது, பிறகு மாவு படுத்துவிடும். எங்கள் பெருமையே சுற்றுகளில்தான் இருந்தது.

புது மாவு செய்ய நாள் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை மாவு செய்யும்போதும் ஒரு பாட்டிலைத் தனியாக எடுத்துப் பூட்டி வைப்பது எங்கள் வழக்கம், பின்னால் தகராறு வந்தால் பார்க்க. அந்தப் பாட்டில் செய்யாரில் இருந்தது, அலமாரிச் சாவி அம்மன் தட்டில் இருந்தது. முதலாளிக்குப் போன் போட்டேன். திருப்பதிக்குப் போயிருந்தார், போனை கவுன்டரில் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றுகொண்டிருப்பார். சரி, நேரில் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன். நாத்தனாருக்கு வரச் சொல்லிப் போன் செய்தேன். கிளம்பும்போது அவர் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் கிளம்பியிருக்க மாட்டேன்.

ஆயுத பூஜை அன்று ஆட்டோக்காரனைக் கூப்பிட்டுப் பாருங்கள். எல்லா வண்டியும் கழுவி மாலை போட்டு நிற்கும், ஓட்டுகிறவன் இருக்க மாட்டான். வாழைக்கன்று கட்டிய ஒரு பஸ் வந்தது. வழியெல்லாம் ஆட்கள் கைகாட்டி நிறுத்தினார்கள், கண்டக்டர் எல்லோருக்கும் பொரி கொடுத்தார். எனக்கும் ஒரு கை கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டே செய்யார் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பாட்டில் கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்க முயன்றேன். யோசிக்கவே முடியவில்லை. மண்டைக்குள் ஒன்றுமே ஓடவில்லை.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார், ஹாலைத் திறக்க மாட்டேன் என்றார். ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். அவர் வீடு செய்யாரில்தான், பைக்கில் வந்தார். புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். பூஜையில் வைத்ததை நடுவில் எடுக்கக் கூடாது, இத்தனை வருஷமாக இந்த இடத்தில் ஒருத்தன் விரல் போகவில்லை, ஒரு கொதிகலன் வெடிக்கவில்லை, அது எதனால் என்று நினைக்கிறாய் என்று கேட்டார். நான் சேப்டி வால்வினால் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் என் வாய் அப்படி. அவர் பைக்கைத் திருப்பினார்.

எனக்குக் கோபம் எல்லாம் அங்கேயே வடிந்துவிட்டது. பைக்கின் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டேன். அண்ணா, எனக்கு வேற வழியே இல்லண்ணா என்று அழுதேன். அழுது பழக்கமில்லாதவள், அசிங்கமாகத்தான் அழுதிருப்பேன். அவர் வேலையும் எங்கள் கொட்டகையோடுதான் இருந்தது, கூட அவருக்கு ஒரு மகள் கல்லூரியில் இருந்தாள். ஆனால் அவர் மனசு இறங்கியது அதை நினைத்து இல்லை என்றுதான் நான் நம்புகிறேன். பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, அம்மன் ஹாலின் கதவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு வாட்ச்மேனிடம் ஒரு தேங்காய் வாங்கி வரச் சொன்னார்.

நல்ல நேரமும் இல்லை, நாளும் அது இல்லை. ஆனாலும் ஹாலைத் திறந்து, கற்பூரம் ஏற்றி, மறுபூஜை செய்தார். தேங்காயை உடைத்து வைத்தார். சாவித் தட்டை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக வடக்கே நகர்த்தினார். அலமாரிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"எடுத்துகினு போம்மா," என்றார். "எது வந்தாலும் அது என் தலையோட போவட்டும்."

பாட்டில் சுத்தமாக இருந்தது, சீல் உடையாமல். செய்யாரிலிருந்து காஞ்சிபுரம், காஞ்சிபுரத்திலிருந்து சென்னை. விருதுக் குழுவின் ஆள் ஓட்டல் வாசலில் பெட்டியோடு காருக்குக் காத்துக்கொண்டிருந்தார். சின்னப் பையன் மாதிரி இருந்தார். பாட்டிலை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஹேப்பி தசரா மேடம் என்றார். நான் ஓட்டல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன், அங்கிருந்த காவலாளி எழுந்து போகச் சொல்லும்வரைக்கும்.

ஜெயித்துவிட்டோம். எங்கள் மாவு எல்லோருடைய மாவையும்விட அதிகச் சுற்றுகள் தாங்கியது. விழா சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில், பகலில் நடந்தது. முதலாளியும் நானும் மேடை ஏறினோம். உமிச் சாம்பலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். களம்பூர் என்ற பேரை அந்த மைக்கில் வேண்டுமென்றே இரண்டு தடவை சொன்னேன். நாத்தனார் வீட்டில் போனைத் தலையணை மேல் சாய்த்து வைத்து, அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாராம். டி.வி.யில் வரப்போவது இவர்தான் என்று நினைத்துக்கொண்டார் போல, என்று நாத்தனார் கேலி செய்தாள். அன்று நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். வேலை நின்றது, வீடு நின்றது, இனி சாகும்வரைக்கும் ஏழு மணி கம்பெனி பஸ்தான் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். மத்தியானச் சாப்பாட்டில் குஜராத்திலிருந்து வந்த ஒரு பெரிய கம்பெனிக்காரர் என்னிடம் வந்து, உங்கள் சாம்பலை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். உமி எங்கள் பக்கமும் நிறையக் கிடைக்கிறது மேடம் என்றும் சொன்னார். நான் பூரித்துப்போய் அவருக்கு ஒரு குலாப்ஜாமூன் எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. முதலாளி மறுபடி கூப்பிட்டார். அந்தக் குஜராத் கம்பெனி எங்கள் செய்முறையை வாங்கிக்கொள்கிறது, ரியாக்டரையும் உலைகளையும் கழற்றி அங்கே கொண்டு போகிறார்கள், கொட்டகை பொங்கலோடு மூடப்படுகிறது. உனக்கு அங்கே வேலை உண்டு, உன் பேரைத்தான் முதலில் கேட்டார்கள் என்றார். கூட்டாளிகள் வாயை அடைக்கலாம் என்றீர்களே என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விருது வந்ததாலதான் அவங்க கண்ணுல பட்டோம். வராம இருந்திருந்தா, நானே ஏதோ இழுத்துக்கினு இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டியிருப்பேன். எனக்கும் வயசாயிடுச்சிம்மா."

நான் எழுந்து வந்துவிட்டேன். திட்டக்கூடத் தோன்றவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அவர் என்னை ஏமாற்றியிருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நான் ஓடி ஓடிக் காப்பாற்றிய பாட்டில்தான் என் வேலையைக் கொண்டுபோனது. ஓடாமல் இருந்திருக்கலாம். அன்று விபூதி கலந்த மாவையே கொடுத்திருக்கலாம். தோற்றிருப்போம், முதலாளி மனசு இளகி இன்னும் ரெண்டு வருஷம் இழுத்திருப்பார், அந்த ரெண்டு வருஷமும் நான் என் வீட்டில் இருந்திருப்பேன். எத்தனை தடவை யோசித்தாலும் கணக்கு அப்படித்தான் வந்து நிற்கிறது.

கம்பெனியில் பேச்சு வேறு மாதிரி போனது. பூஜையைக் கலைத்ததால் வந்த வினை என்றார்கள். வாட்ச்மேன் சொல்லித்தான் வெளியே தெரிந்திருக்கும். யாரும் ஃபோர்மேன் முகத்துக்கு நேராகக் கேட்கவில்லை, ஆனால் டீ குடிக்கும் இடத்தில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். நான் போய் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அண்ணா, நாம ஜெயிச்சதாலதான் வித்தாங்க, நீங்க செஞ்சது சரியாத்தான் வேலை செஞ்சிச்சி என்று சொன்னேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். கடைசி நாள் வரைக்கும் ரியாக்டரைக் கழற்றும் வேலையில் அவர்தான் முன்னால் நின்றார், ஒவ்வொரு போல்ட்டையும் துடைத்துத் துணியில் கட்டிப் போட்டார். அவர் மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஷூ கம்பெனிக்குப் போகிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என் வீட்டில் நான் குஜராத்துக்குப் போக மாட்டேன் என்று தரையில் அடித்துச் சொன்னேன். அவர்தான் போ என்றார். மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் வேறு எங்கே போவது என்று நாத்தனாரும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவரைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அங்கே கொடுப்பது பெண்கள் விடுதியில் மாடி அறை, படி ஏற அவரால் ஆகாது. முள்ளிப்பட்டில் நாத்தனார் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் அவருக்குக் கட்டில் போட்டோம். ஆரணி வீட்டைக் காலி செய்யும் நாளில் அவருடைய மவுஸையும் கீபோர்டையும் எங்கே வைப்பது என்று எனக்கும் நாத்தனாருக்கும் சண்டை வந்தது.

நான் புறப்பட்ட காலையில் கட்டிலில் உட்கார வைத்துச் சட்டை மாட்டினேன். பொத்தான் இல்லாத டி-ஷர்ட்டாக நாலு வாங்கி வைத்திருந்தேன், ஆனால் அன்றைக்கு வேண்டுமென்றே பொத்தான் வைத்த சட்டையைப் போட்டுவிட்டேன். கடைசிப் பொத்தானில் என் கை நின்றுவிட்டது. அப்போது சொன்னார்.

"நான் அன்னைக்கு அத்தத் தொடாம இருந்திருந்தா, நீ இங்கயே இருந்திருப்பே இல்ல."

இத்தனை மாதமாக இவர் இதைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கொட்டியது வேறு பாட்டில், சென்னைக்குப் போனது வேறு பாட்டில், அது நல்ல பாட்டில், அதற்குத்தான் விருது கொடுத்தார்கள், நீங்களே போனில் பார்த்தீர்களே என்றேன். மேடையில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். ஜெயிச்சா கொட்டாய் இருக்கும்னுதானே சொன்னாங்க என்று கேட்டார், ஜெயித்ததால்தான் விற்றார்கள் என்றேன். அவர் இடது கையால் என் முழங்காலைத் தட்டி, சரிமே, நீ சொன்னா சரி என்றார். அழுகிற பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிறது. என் பழைய ரியாக்டர் இங்கே கண்ணாடிக் கதவு போட்ட அறையில் ஓடுகிறது. சாயங்காலம் வீடியோவில் பேசுகிறோம். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டு முடித்ததும், ஏதாவது ஒரு வாக்கில் அவர் அதற்கே வந்துவிடுவார், கை தவறிடுச்சிமே என்று. நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நாங்கள் ஜெயித்தோம் என்பதை அவரை நம்பவைக்க இன்றுவரைக்கும் என்னால் முடியவில்லை.